ஆயாக் கொட்டகைக் கயிறு

போன வாரம் நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். பார்த்தீர்கள், எனக்குத் தெரியும். இருதயப் படங்களாக வந்து கொட்டின. நம் ஆயாக் கொட்டகை, அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன இடம். பலகைச் சுவர், தகரக் கூரை, விட்டத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். “தங்கமான காலம் லா” என்று ஒருவர் எழுதினார். “அப்ப எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்” என்று இன்னொருவர். “கடைசித் தொட்டில்ல படுத்திருக்கிறது நாந்தான்” என்று வருஷா வருஷம் நாம் கூடும் ஒன்றுகூடலின் தலைவர் எழுத, அதற்குச் சிரிப்புப் படங்கள்.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில், சுவரோடு ஒட்டி, பாய்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அவள் என் அக்கா. விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அவள் இடுப்பில் ஒரு கயிறு தெரியும். அந்தக் கயிற்றின் மறுமுனையில்தான் உங்களில் பலரும் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் படம் வருவதற்குச் சில நாள் முன்னால் அதே குழுவில் நான் ஓர் உதவி கேட்டிருந்தேன். எனக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அக்காவைப் பார்த்துக்கொள்வது என்றாலே குனிவதும் தூக்குவதும்தான். அவளைக் குளிப்பாட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், ஊட்ட வேண்டும். எனக்கு அறுபத்திரண்டு, அவள் என்னைவிட ஐந்து வயசு மூத்தவள். மகன் தஞ்சோங் மாலிம் கார் ஃபேக்டரியில் இருக்கிறான். ஷிப்ட் முடிந்து கார் ஓட்டிக்கொண்டு ராத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றான். பகலுக்குத்தான் ஆள் வேண்டும். குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு வந்து பகலில் மாற்றி மாற்றி யாராவது உட்கார முடியுமா என்றுதான் கேட்டேன்.

எத்தனை கைகூப்பும் படங்கள். “கடவுள் தொண இருப்பாரு அக்கா.” “நீங்க தெய்வம் அக்கா, ஒங்கள மாதிரி யாரு பாப்பா?” தெய்வம் என்று சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் வந்து உட்கார வேண்டியதில்லை பாருங்கள். தெய்வத்துக்கு எதற்கு ஆள் துணை? அதற்குக் கண்ணில் புரை வருமா, முதுகு வலிக்குமா?

தலைவர் மட்டும் போன் செய்தார். உதவிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிப்போய் எடுத்தேன்.

“அக்கா, ஒன்றுகூடலுக்கு நீங்க கண்டிப்பா வரணும். ஆனா தப்பா நெனச்சிக்காதீங்க, பெரியக்காவ கூட்டிக்கிட்டு வராதீங்க லா. பெரிய ஆளுங்கல்லாம் வாராங்க. சின்னப் புள்ளைங்க இருக்கும், பயந்துக்கும்.”

“எதுக்குப் பயப்படணும், தம்பி?”

“ஒங்களுக்குத் தெரியாததா? என்னையே தூக்கிப் போட்டவங்கதானே.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மேடையில் ஏறி அதைத் தடவிக் காட்டுவார். ‘ஒரு பைத்தியம் என்னைத் தொட்டில்ல இருந்து தூக்கிப் போட்டுச்சு, அப்பவே சாவலன்னா இனிமே சாவேனா’ என்பார். நீங்களும் கை தட்டிச் சிரிப்பீர்கள். நானும் பின் வரிசையில் உட்கார்ந்து ஜூஸ் குடித்திருக்கிறேன்.

இந்த வருஷம் என்னால் அப்படி உட்கார முடியாது. எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படியுங்கள்.

அது ஆடி மாதம். ரப்பர்க் காய் வெடிக்கிற காலம். பகலில் வெயில் ஏற ஏற, மரத்துமேல் காய்கள் டப் டப் என்று வெடித்து, கொட்டை கொட்டகையின் தகரத்தில் வந்து விழும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்கா கைதட்டுவாள். நமக்கு அந்தக் கொட்டை வேறு விளையாட்டு. சிமெண்டில் சூடு ஏறத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துச் சுடுவோம். அக்காவைச் சுட்டால் அவளுக்குத் திருப்பிச் சுடத் தெரியாது. அதனால் அவளைத்தான் அதிகம் சுட்டீர்கள். அந்தத் தழும்பையும் நான் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளுக்கு அப்போது பதினாலு வயசு. பேச்சு என்றால் சில வார்த்தைகள்தான். அம்மா, சோறு, தண்ணி, டும்டும். டும்டும் என்றால் உறுமி மேளம். கோயில் எந்த மூலையில் இருந்தாலும் அங்கே ஒருவன் குச்சியை எடுத்து உறுமியில் இழுத்தால் அவளுக்குக் கேட்டுவிடும். எழுந்து ஓடுவாள். மற்ற நேரத்தில் உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் ஒரு சுகம். இன்றைக்கும் ஆடுகிறாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பின்னால் இருக்கிற சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டு ஆடுகிறாள்.

அம்மா பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும் முன் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். மற்றவர்கள் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் அம்மா தன் தோள் உயரம் வளர்ந்த பெண்ணைக் கொண்டுவந்து விடுவாள். விடாமல் என்ன செய்வாள்? வீட்டில் தனியாக விட்டால் அடுப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது. மரக்காட்டுக்குக் கூட்டிப் போனால் வேலை மேய்க்கிற மண்டோர் கத்துவான்.

ஆயாம்மாவுக்கு அக்கா ஒரு தொல்லை. கொட்டகை நிறையக் குழந்தைகள், பார்ப்பதற்கு அவள் ஒருத்தி. தொட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கயிறு கட்டி, எல்லாவற்றையும் ஒரே நீளக் கயிற்றில் முடிந்து வைத்திருந்தாள். பாயில் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்து விட்டால் வரிசை முழுவதும் ஆடும். ஆனால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தால் கஞ்சி காய்ச்சுவது யார், பீத்துணி அலசுவது யார்? ஒரு நாள் ஆயாம்மாவின் கண் அக்காமேல் விழுந்தது.

“சும்மாதானே நாள் பூரா ஆடிக்கிட்டிருக்கா. அந்த ஆட்டத்த தொட்டிலுக்குக் குடுத்தா என்ன?”

முதலில் கயிற்றை அக்காவின் கையில் கொடுத்தாள். அவள் காய் வெடிக்கிற சத்தம் கேட்டதும் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினாள். அதனால் இடுப்பில் கட்டினாள். அக்கா முன்னால் சாய்ந்தால் தொட்டில்கள் இந்தப் பக்கம், பின்னால் சாய்ந்தால் அந்தப் பக்கம். அவளும் எங்கேயும் ஓட முடியாது. பிழைப்புக்குப் பிழைப்பு, காவலுக்குக் காவல்.

இதைப் பார்க்கத் தோட்டமே வந்தது. உங்கள் அம்மாக்கள் வந்தார்கள், வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். “கசிஹான் லா, பாவம், அதுவும் நமக்கு ஒரு ஒத்தாசதான்” என்றார்கள். தோட்டத்து மேனேஜர் தொரைகூட வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், கேமராவைக் கொண்டுவந்து படம் எடுத்தார். நீங்கள் இருதயம் போட்டது அந்தப் படத்துக்குத்தான்.

என் அம்மாவும் சந்தோஷப்பட்டாள். அதை நான் மறைக்கவில்லை. என் மகள் சும்மா உட்கார்ந்து தின்னவில்லை, நாலு பேருக்கு உபயோகமாக இருக்கிறாள் என்று ஒரு பெயர் கிடைத்ததே என்று அவளுக்கு. வாழைத்தார் பழுத்தால் முதல் சீப்பு ஆயாம்மாவுக்குப் போகும். இன்று நினைத்தால் அந்தச் சீப்பைப் பிடுங்கி எறியத் தோன்றுகிறது. இடுப்பில் கயிறு கட்டியவளுக்கு நன்றி சொல்லவேண்டிய இடத்தில் என் அம்மாவை நிறுத்தியிருந்தீர்களே, அதைச் சொல்கிறேன்.

ஆடி ஆடிக் களைத்து அக்கா நின்றுவிட்டால் குழந்தைகள் அழும். ஆயாம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: “ம், ஆடு.” அவள் ஆடுவாள். ஒன்றுக்கு வந்தால் ஆயாம்மா வந்து அவிழ்க்கவேண்டும். ஆயாம்மாவுக்குக் கை ஒழிவதில்லை. மத்தியானம் அம்மா வரும்போது அக்காவின் பாவாடை நனைந்திருக்கும். அதற்கு ஓர் அடி விழுந்திருக்கும். அம்மா ஒன்றும் கேட்காமல் பைப்படிக்குக் கூட்டிப்போய்க் கழுவி விடுவாள். பால்வாடையும் மூத்திர வாடையும் கலந்து அம்மாவின்மேல் அடித்தது. எனக்கு அந்த வருஷம் என்றாலே அந்த வாடைதான்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் உப்பி, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகாமல் கொட்டகையில் அக்கா பக்கத்தில் படுத்துக் கிடந்தேன். அதனால்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை இது.

வெயில் ஏறிய நேரம். சைக்கிளில் துணி விற்க வருகிறவர் ரோட்டில் மணி அடித்தார். ஆயாம்மா திருவிழாவுக்குச் சேலை எடுக்கவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். “இந்தா வந்திடுறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கயிற்றை அவிழ்க்கவில்லை. அவள் போன கொஞ்ச நேரத்தில், வீடு வீடாக அரிசி கேட்டு வருகிற கரகக் கூட்டம் லயத்து வீட்டு வரிசை முனையில் திரும்பியது. உறுமி உறுமத் தொடங்கியது.

அக்கா ஆடுவதை நிறுத்தினாள். முகம் பூத்தது. “டும்டும்” என்றாள். நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

அவள் ஓட ஓடக் கயிறும் கூடவே ஓடியது. தொட்டில்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டன. கடைசித் தொட்டிலின் முடிச்சு மேலே நழுவியது. குழந்தை சிமெண்டில் விழுந்த சத்தம் பெரிய சத்தமில்லை, காய் வெடிக்கிற அளவுதான் இருந்தது. அக்காவையும் கயிறு வெட்டி இழுத்து வாசற்படியில் தள்ளியது. நான் ஆயாம்மா, ஆயாம்மா என்று கத்தினேன். வீங்கின கன்னத்தோடு சத்தம் வரவில்லை. குழந்தை கத்தியது. அதுதான் அவளைக் கூட்டிவந்தது.

ஆயாம்மா உள்ளே வந்தாள். குழந்தை நெற்றியில் ரத்தத்தோடு தரையில் கிடக்கிறது. அவள் குழந்தையைத் தூக்கவில்லை. முதலில் அக்காவின் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி விட்டத்துக்கு மேல் எறிந்தாள். அதற்கு அப்புறம்தான் குழந்தையைத் தூக்கினாள், தூக்கிக்கொண்டு வெளியே ஓடி அலறினாள்.

“பாவி தூக்கிப் போட்டுட்டாளே, புள்ளைய தூக்கிப் போட்டுட்டாளே.”

தலைவர் தம்பி, அந்தக் குழந்தை நீங்கள். உங்களை யாரும் தூக்கவும் இல்லை, போடவும் இல்லை. உங்கள் தொட்டிலை அவள் இடுப்பில் கட்டி வைத்திருந்தார்கள். அவள் மேளம் கேட்டு ஓடினாள். நடந்தது இவ்வளவுதான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவை அடித்தார்கள். மேளக்காரர்களில் ஒருவனும் அடித்தான், அவனைப் பார்க்கத்தான் அவள் ஓடிவந்தாள். நான் சொன்னேன். ‘ஆயாம்மாதான் கட்டி வச்சிருந்தாங்க, கயிறு மேல கெடக்கு பாருங்க’ என்று கையைக் காட்டிச் சொன்னேன். அப்பா என் வீங்கின கன்னத்திலேயே அறைந்தார். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் பிள்ளைக்கு என்ன பேச்சு என்றார்.

சாயந்திரம் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பெரிய கங்காணி நாற்காலியில், மற்றவர்கள் தரையில். ஆயாம்மா அழுதுகொண்டே சொன்னாள்: “இன்னிக்கி நான் கட்டவே இல்லைங்க. பொம்பளப் புள்ளயாச்சே, திருநாளாச்சேன்னு பாவம் பாத்து அவுத்து விட்டிருந்தேன். அதுக்குத்தான் இந்தக் கதி.”

அம்மா எழுந்து அக்காவைக் கூட்டத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். பெண்கள் பக்கமாகத் திருப்பி, சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கினாள். கயிறு வெட்டி இழுத்த இடம் வயிற்றைச் சுற்றிச் செக்கச் செவேலென்று, தோல் உரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

“கட்டலியா? இது என்னா? பாருங்க. நல்லாப் பாருங்க” என்றாள்.

பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்தது உங்கள் அம்மாக்கள்தான். ஒருத்தி உச்சுக் கொட்டினாள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆயாம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். பெரிய கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார்.

“சரி லா. அது அப்படியே இருக்கட்டும். ஆயா இல்லாட்டி நாளைக்கி யாரு புள்ளைங்களப் பாக்குறது? மரம் வெட்டப் போவ வேணாமா?”

இத்தனை வருஷமாக நான் மறக்காதது இந்த இடம்தான். அவர்களுக்குத் தெரியாமல் தப்பாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். பேய் பிடித்தவள், தோஷம் பிடித்தவள் என்று நம்பிச் சொல்லியிருந்தாலும் படிக்காத ஜனம் என்று விட்டிருப்பேன். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னார்கள். ஆயா வேண்டும், அக்கா வேண்டாம். கணக்கு அவ்வளவுதான்.

அம்மா அப்போதும் கெஞ்சிப் பார்த்தாள். “நாந்தான் தெனமும் வேலைக்கிப் போறேன். நீங்க ஆளுக்கு ஒரு நாளு, மாத்தி மாத்தி எம் புள்ளயப் பாத்துக்குங்க. வேலையில்லாத நாள்ல ஒங்க புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன். யாராச்சும் ஒருத்தரு வரமாட்டீங்களா?”

இருமல் சத்தம் கேட்டது. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார்கள். என் அப்பா பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவாகப் பெரிய கங்காணி சொன்னார்: ஈப்போ பக்கம் மதில் வைத்த ஆஸ்பத்திரி இருக்கிறது, இந்த மாதிரி ஆட்களை அங்கே வைத்துக்கொள்வார்கள், தேர் இழுக்கும் முன் கொண்டுபோய் விட்டுவிடவேண்டும், காருக்கு அவரே ஏற்பாடு செய்கிறார். என்ன பெரிய மனசு.

அம்மா வீட்டுக்கு வந்து அழவில்லை. அக்காவின் இடுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். என் பள்ளிக்கூடப் புத்தகங்களை எடுத்து வை என்றாள். ஆஸ்பத்திரிக்கு எதற்குப் புத்தகம் என்று நான் கேட்டேன். “எடுத்து வய்யி” என்றாள்.

கார் வந்த காலையில் அப்பா இல்லை. பார்க்க மனசு வராது என்று சொல்லி புல்லுக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். மனசு வராதவர்களால்தான் உலகத்தில் பாதி அநியாயம் நடக்கிறது. அம்மா அக்காவுக்குத் திருநாள் சட்டையைப் போட்டு, தலை வாரி, பொட்டு வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஏறினோம். லயத்து வாசல்களில் நீங்கள் நின்று பார்த்தீர்கள். கை காட்டியவர்கள்கூட உண்டு. அக்கா திருப்பிக் கை காட்டினாள், அவளுக்குக் கார் என்றால் உல்லாசம்.

கார் ஓட்டியவர் ஒரு வயசான சீனர். ரோடு பிரிகிற இடத்தில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வளைக்கப் போனார். அம்மா முன்சீட்டைத் தட்டினாள்.

“அபேக், சானா தா மாவ்.” பெரியவரே, அங்கே வேண்டாம் என்றாள்.

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து எங்கே என்று கேட்டார். “மானா?”

“சிம்பாங் பூலாய்.”

சிம்பாங் பூலாயில் அம்மாவுக்குத் தூரத்து உறவில் ஓர் அண்ணன், கல்லுடைக்கும் இடத்தில் வேலை செய்தவர். அவர் வீட்டுக் கோடியில் ஒரு பலகை அறையில் போய் இறங்கினோம். பெரிய கங்காணி ஆஸ்பத்திரிக்கென்று பேசி அனுப்பிய காரிலேயே என் அம்மா எங்களைத் தோட்டத்தை விட்டுக் கொண்டுபோய்விட்டாள். மகளை விட்டுவிட்டு அவமானத்தில் எங்கேயோ போய்விட்டாள் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்களாம். அப்பாதான் பிற்பாடு வந்து சொன்னார். சைக்கிளில் வருவார், வாசலில் நிற்பார், மீன் வாங்கி வந்ததைக் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா உள்ளே வாங்க என்று சொன்னதில்லை. சாகும் காலத்தில்தான் உள்ளே வந்தார். அப்போதும் அவருக்குக் கஞ்சி ஊட்டியது அம்மாதான்.

அம்மா ஒரு சீனர் காப்பிக்கடையில் கோப்பை மங்கு கழுவும் வேலைக்குப் போனாள். முதல் நாளே அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். முதலாளி தவுக்கேயின் மனைவி அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள், பின்கட்டில் ஒரு முக்காலியைக் காலால் தள்ளிக் காட்டினாள், தன் வேலையைப் பார்க்கப் போனாள். அம்மா அந்தப் பெண்ணைப் பற்றிச் சாகும்வரை நல்லதாகவே பேசினாள். “அவ ஒண்ணும் செய்யல லா. ஒண்ணும் கேக்காம இருந்தா பாரு, அதுவே போதும்” என்பாள்.

அக்கா அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழவில்லை. எங்கேயோ ரேடியோவில் மேளம் அடித்தது, அவள் முகம் பூத்தது, ஆனால் எழவில்லை. சாயந்திரம் முக்காலியின் கீழே ஈரம் சொட்டியது. அம்மா கையைப் பிடித்து இழுத்தபோது அக்கா ஒரு கையால் தன் இடுப்பைத் தடவிக் காட்டினாள். அடிபடப் போகிறவள்போல் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் கையை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றித் தடவ வைத்தாள், முன்னால், பக்கத்தில், பின்னால்.

“கட்டு இல்லடி. பாரு. கட்டு இல்ல, எந்திரி.”

அக்கா மெல்ல எழுந்தாள். இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் ஆடவில்லை, ஒன்றும் விழவில்லை. தோட்டத்தில் ஒரு நாளும் வாய்விட்டு அழாத அம்மா அந்தப் பின்கட்டில் மங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். கயிறு கட்டிய கொட்டகைக்கு வாழைப்பழம் கொடுத்தனுப்பிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். அவள்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி அங்கேயே தீர்ந்தது.

மீதிக் கோபம் உங்களுக்கு. ஆயாம்மாவுக்குக்கூட இல்லை. அவள் ஒருத்தி, அத்தனை குழந்தை. எனக்கு ஒரே ஒருத்தி, அதற்கே முதுகு ஒடிகிறது. கட்டிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கினால் என்ன என்று எனக்கே தோன்றிய நாள் உண்டு. செய்ததில்லை, ஆனால் தோன்றியது. பார்த்துக்கொள்கிறவளை இப்படித் தனியாக விட்டால் அவள் கயிற்றைத்தான் தேடுவாள். இது ஆயாம்மாவுக்கும் பொருந்தும், அம்மாவுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். உங்களில் யாருக்காவது நாளைக்கே பொருந்தலாம்.

அம்மா போய் வெகு காலம் ஆயிற்று. தோட்டமும் போயிற்று, கொட்டகை நின்ற இடத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. நல்லதாயிற்று என்பேன். உங்களுக்கு அது ஒன்றுகூடலில் பெருமூச்சு விடுகிற இடம். ‘எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்’ என்று இன்னொரு முறை என் காதுபட யாரும் சொல்லவேண்டாம்.

ஒன்றுகூடலுக்கு வருவேன். அக்காவும் வருவாள். மேளம் வைத்திருக்கிறீர்களாமே, அவளுக்குப் பிடிக்கும். முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். தலைவர் தம்பி மேடையில் ஏறி அந்தக் கதையைத் தொடங்கினால் நானும் மேடைக்கு ஏறுவேன், மிச்சக் கதையை நான் சொல்லுவேன்.

அது அப்புறம். அதற்கு முன்னால் புதன்கிழமை எனக்கு ஆபரேஷன். வியாழனிலிருந்து பகலுக்கு ஆள் வேண்டும். என் அம்மா கோயில் முன்னால் நின்று கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். ஆளுக்கு ஒரு நாள், மாற்றி மாற்றி. அந்தத் தொட்டில்களில் படுத்திருந்தவர்களில் ஒருவராவது வருவீர்களா? கைகூப்பும் படம் அனுப்பாதீர்கள். வருகிற நாளைச் சொல்லுங்கள்.

வருகிறவர்களுக்கு: கதவு தாழ்ப்பாள் போட்டிருக்காது. தேத்தண்ணியை ஆற்றி, அலமாரியில் இருக்கிற நீல மங்கில் கொடுங்கள், வேறு மங்கில் குடிக்க மாட்டாள். மீனில் முள் எடுத்துவிட வேண்டும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆடுவாள், ஆடட்டும், நிறுத்தாதீர்கள். குளியலறைக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவள் முதலில் இடுப்பைத் தடவிப் பார்ப்பாள், அப்புறம் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். ‘கட்டு இல்ல, எந்திரி’ என்று சொல்லுங்கள். சொன்னால் எழுந்துவிடுவாள். சொல்லாவிட்டால் நாள் பூரா உட்கார்ந்தேதான் இருப்பாள்.